உள்ளங்கை எண்ணெய்

அக்கா,

இன்று மதியம் கடையில் ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்தவள், முடியும்வரை இங்கேயே இருக்கிறேன் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சும்மா இருக்க மாட்டாமல் பையிலிருந்து ஒரு பச்சை ட்யூபை எடுத்துக் கைகளில் தேய்த்தாள். "ஆலோவேரா ஜெல் ஆன்ட்டி. உங்க கை எம்புட்டு வறண்டு கெடக்கு, இந்தாங்க" என்று என் விரலிலும் ஒரு துளி பிதுக்கினாள். முகர்ந்து பார்த்தேன். ஏதோ ஐஸ்கிரீம் கடை வாசனை. கற்றாழைக்கு இப்படி ஒரு மணம் எப்போதிலிருந்து வந்தது என்று உங்களிடம் கேட்டிருப்பேன், நீங்கள் இருந்திருந்தால்.

அந்தப் பெண் நல்ல பிள்ளை. அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அவள் போன பிறகு என்னால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நிஜக் கற்றாழையின் பச்சைக் கசப்பு வாடையும், வெயிலில் காய்ந்த வெட்பாலை எண்ணெயின் வாடையும் எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறிக்கொண்டன. கண் கலங்கினால் டெய்லருக்குப் பிழைப்பு ஓடாது. கடையைச் சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று எனக்குப் பாக்கி இருக்கிறது. அதை நேரே சொல்லத் தெரியவில்லை. முதலிலிருந்தே வருகிறேன்.

நாகல் நகரில் என் கடை இருக்கிற இந்த வீட்டு மாடிக்கு நீங்கள் குடிவந்த புதுசு. நல்ல சித்திரை மாதம். திண்டுக்கல் வெயிலுக்கு ஊரே கழுத்தை இறக்கு, கையைக் குட்டையாக்கு என்று கேட்டுக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் காலர் வைத்து, மணிக்கட்டு வரை கை வைத்து ப்ளவுஸ் தைக்கச் சொன்னீர்கள். "அளவு ப்ளவுஸ் கொண்டாந்திருக்கேன்த்தா. டேப்பு வைக்க வேணாம்" என்றீர்கள். விரித்துப் பார்த்தேன். உங்கள் உடம்புக்கு அது ஒரு சுற்றுப் பெரிது. சரியில்லாத அளவை வைத்துத் துணியை வெட்ட எனக்குக் கை வராது. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனாலும் சரி என்று நினைக்கிற பிடிவாதம் எனக்கு உண்டு. "இத வச்சுத் தச்சா தொளதொளன்னு நிக்கும். கையத் தூக்குங்கக்கா" என்று டேப்போடு வந்துவிட்டேன்.

முந்தானையை விலக்கியபோது பார்த்தேன். பின்கழுத்தில் தொடங்கி, ப்ளவுஸுக்குள் போய், மறுபடியும் இடுப்பில் வெளியே வந்திருந்தது. சிவந்து தடித்த தோல். அதன் மேல் வெள்ளைச் செதில் உதிர்ந்துகொண்டிருந்தது. "சோரியாசிஸ்த்தா. ஒட்டாது. டாக்டரு சொல்லியிருக்காரு" என்று மூச்சு விடாமல் சொன்னீர்கள். பலரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு அது என்று கேட்டவுடன் தெரிந்தது. "நான் ஒண்ணும் கேக்கலையேக்கா" என்று சொல்லிவிட்டுக் கழுத்தளவு, தோளளவு எல்லாம் எடுத்தேன்.

போகும்போது வாசலில் குனிந்து செருப்பு வாரை ரொம்ப நேரம் சரிசெய்தீர்கள். அந்தச் செருப்புக்கு வாரே கிடையாது. நான் கை கழுவுகிறேனா என்று பார்க்கிறீர்கள் என்று புரிந்தது. எனக்கும் வீம்பு. அடுத்த துணியை எடுத்து மேசையில் விரித்துச் சாக்கட்டியால் கோடு போட ஆரம்பித்துவிட்டேன். வெகுநாள் கழித்து ஒரு பேச்சுவாக்கில் சொன்னீர்கள், "அன்னைக்கு நீ கை கழுவியிருந்தா, நான் வேற டெய்லரப் பாத்துப் போயிருப்பேன்" என்று.

எண்ணெய் எப்படி ஆரம்பித்தது என்பதை நினைத்தால் இன்றும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன. மொட்டை மாடியில் துணி காயப்போட ஏறினேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அகப்பைக் காம்பில் பழந்துணியைச் சுற்றி, அதை எண்ணெயில் முக்கித் தோளுக்கு மேலாக முதுகில் தேய்க்கப் பார்த்தீர்கள். பாதி எண்ணெய் சேலையில். மீதி தரையில். "ஏன்க்கா, வீட்டுல ஆளா இல்ல?" என்று கேட்டுவிட்டேன். என் வாய்க்கு எப்போதும் அவசரம்தான். "எல்லா எடமும் எட்டுதுத்தா. நடுமுதுகு மட்டும் எட்ட மாட்டேங்குது" என்றீர்கள். நான் அகப்பையைப் பிடுங்கி ஓரமாகப் போட்டேன்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையை அரைக்கதவு சாத்திவிட்டு, பின்னறையில் உங்களை முக்காலியில் உட்கார வைப்பது வழக்கமாயிற்று. ஆத்தூர்ப் பக்கம் உங்கள் அம்மா வீட்டுக்குப் போய் வரும்போதெல்லாம் பை நிறைய வெட்பாலை இலை வரும். இலையைக் கத்தியால் வெட்டக் கூடாது, கையால்தான் கிள்ளிப் போட வேண்டும் என்று பெரியாஸ்பத்திரி சித்த வைத்தியர் சொன்னதை நீங்கள் வேதவாக்காக வைத்திருந்தீர்கள். தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால், நாள் ஆக ஆக எண்ணெய் கத்திரிக்காய் நிறத்துக்கு வரும். முதல் தடவை அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு நான் அசந்து போனேன். ஒரு தடவை கையைச் சரியாகத் துடைக்காமல் போய் உட்கார்ந்து, யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் ஊதாக் கைரேகை வைத்துவிட்டேன். அந்தச் சட்டைக் கையை மறுபடி வெட்டித் தைத்ததில் ஒரு சாயங்காலம் போயிற்று. நீங்கள் கூடவே உட்கார்ந்து தையல் பிரித்துக் கொடுத்தீர்கள்.

கற்றாழைக்குப் பெயின்ட் வாளிகள். தொட்டி ஓரமாக வரிசையாக வைத்திருந்தீர்கள். மடலை அறுத்துச் சாய்த்து நிறுத்தி, மஞ்சள் பால் முழுக்க வடிந்த பிறகு, தோலைச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை நன்றாக அலசி எடுத்தால்தான் உடம்பு தாங்கும். ஒரு நாள் அவசரத்தில் நீங்களே பால் வடியவிடாமல் அப்படியே கையில் தேய்த்துக்கொண்டு, அரிப்புத் தாங்காமல் மாடிக்கும் கீழுக்குமாக நடந்து, "இந்தச் சனியனப் புடுங்கி எறியப் போறேன்" என்று செடியைத் திட்டினீர்கள். மறுநாள் காலையில் அதே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். செடி மன்னித்துவிட்டதா என்று கேட்டேன். "நாந்தான் மன்னிச்சேன்" என்றீர்கள்.

எண்ணெயால் நோய் போய்விட்டதா என்று யாராவது கேட்டால், போகவில்லை என்றுதான் சொல்வேன். தோல் டாக்டரும் அதைத்தான் சொன்னார். இது வரும், அடங்கும், மறுபடி வரும்; மாத்திரையை நிறுத்தாதீர்கள், எண்ணெய் தோலை வறளாமல் வைத்திருக்கும், அது நல்லதுதான் என்றார். மார்கழிப் பனியில் முதுகு வெடித்து, ப்ளவுஸைக் கழற்றும்போது துணியோடு ஒட்டிக்கொண்டு வரும். பங்குனி வெயில் வந்தால் அடங்கும். ஆனால் விடாமல் தடவியதில் பின்கழுத்து மட்டும் சில வருஷங்களிலேயே நன்றாகத் தேறிவிட்டது. நிறம் திட்டுத்திட்டாகத்தான் இருந்தது. தொட்டால் நன்றாகத் துவைத்த பழைய மல் துணி போல இருக்கும். துணி விஷயத்தில் நான் பொய் சொல்ல மாட்டேன்.

உங்கள் வீட்டுக்கார அண்ணனைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. காய்கறிக் கமிஷன் கடையிலிருந்து வரும்போது உங்களுக்குப் பிடித்த சிறுமலை வாழைப்பழம் வாங்கி வராத நாள் குறைவு. எந்த ஊரில் எந்த டாக்டர் என்று கேட்டாலும் கூட்டிக்கொண்டு போவார். எண்ணெய்ப் பாட்டிலை வெயிலுக்குத் தூக்கி வைப்பார். அதைத் திறந்து கையில் ஊற்ற மட்டும் அவரால் முடியவில்லை. உங்கள் மாமியார் இருந்தவரை தட்டு தனி, பாய் தனி. அவர் போன பிறகும் அந்தத் தட்டும் பாயும் தனியாகவே இருந்தன. யாரும் அவற்றை எடுத்துச் சேர்த்து வைக்கவில்லை.

சுகன்யா அந்த வீட்டில்தான் வளர்ந்தாள். அம்மா மடியில் படுக்காதே, அம்மா துண்டை எடுக்காதே என்று சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுக்கப்பட்ட பிள்ளை. பெற்ற மகளை அப்படி வளர்க்க விட்டீர்களே என்று எனக்கு உங்கள் மேல் ஆத்திரம் வந்ததுண்டு. ஒரு நாள் அவள் யூனிஃபார்ம் அளவுக்கு வந்திருந்தாள். நல்ல காய்ச்சல். நிற்க முடியாமல் உங்கள் பக்கமாகச் சாய்ந்தாள். நீங்கள் சட்டென்று நகர்ந்து, பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து அவளை அதில் சாய்த்தீர்கள். அவள் உங்களைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றுகூட அந்தப் பிள்ளை நினைத்திருக்கலாம். அதற்குப் பிறகு அவளும் சாயவில்லை. வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், அம்மாவோடு நல்லபடியாகப் பேசிச் சிரித்துக்கொண்டு, ஒரு கை தூரத்திலேயே நின்றுகொண்டாள்.

அவளுடைய கல்யாணத்துக்கு முந்தின நாள் நலங்கு. நிலக்கோட்டையிலிருந்து வந்த மல்லிகை கூடை கூடையாகக் கூடத்தில் இருந்தது. வந்த பெண்கள் எல்லாரும் ஒவ்வொருவராக அவள் தலையில் எண்ணெய் வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் இந்த வழக்கம் இல்லை என்பதால் நான் ஓரமாக நின்று பார்த்தேன். உங்கள் முறை வந்தபோது எண்ணெய்க் கிண்ணத்தை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்விட்டீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்படிக்குப் பின்னாலேயே வந்தேன்.

"நீங்கதான வைக்கணும்? பெத்தவ நீங்க."

"நாலு பேரு பாப்பாகத்தா. நாளைக்கு அவ மாமியா வீட்டுல ஒரு பேச்சு வரக் கூடாது."

"ஒட்டாதுன்னு நீங்கதான அம்புட்டுப் பேர்ட்டயும் சொல்லுவீக?"

"சொல்லுறேன். யாரு நம்புறா?"

காலர் வைத்த பட்டு ப்ளவுஸில் வியர்வை வழிய அப்பளம் பொரிக்க உட்கார்ந்துவிட்டீர்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொரித்ததை எடுத்து வைத்தேன்.

கல்யாணக் கூட்டம் எல்லாம் கலைந்து, சுகன்யா புகுந்த வீட்டுக்குப் போன பிறகுதான் அதைச் சொன்னீர்கள். பின்னறையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். என் கை உங்கள் கழுத்தில் இருந்தது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் சொல்ல வந்ததோ என்னவோ. "இது போகணும்னுகூட இப்ப நான் சாமிகிட்ட கேக்குறதில்லத்தா. எம்மக என்னயத் தொடக் கூசக் கூடாது. அம்புட்டுத்தான் கேக்குறேன்" என்றீர்கள். அவளிடமே சொல்லுங்கள் என்றேன். "கேட்டு வாங்குறதா அது?" என்றீர்கள். நான் சொல்கிறேன் என்றேன். கூடவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டீர்கள். மாதா படத்தைக் காட்டி வாங்கியதால் என்னால் மீறவும் முடியவில்லை.

போன வருஷம் பங்குனியில் போனீர்கள். முதுகு ரொம்ப அடங்கியிருந்த நேரம். நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லி ஆட்டோ வரும்வரை என் கடை ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். "செத்த நேரத்துல வந்துருவேன், ப்ளவுஸ முடிச்சு வையி" என்றீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே உயிர் இல்லை என்று அண்ணன் போன் செய்தார். அந்த ப்ளவுஸுக்குக் கொக்கி மட்டும்தான் பாக்கி இருந்தது. அழுதுகொண்டே வைத்தேன். அதைத்தான் உங்களுக்குப் போட்டு அனுப்பினோம்.

இனிதான் நான் சொல்ல வந்தது.

மறுநாள் குளிப்பாட்டுவதற்கு முன்னால் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து உங்களை முற்றத்தில் பெஞ்சில் கிடத்தினார்கள். எண்ணெயும் சீயக்காயும் வைக்கப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். எண்ணெயில் கையைத் தோய்த்து, புறங்கையால் தலையில் லேசாக ஒற்றிவிட்டு நகர்ந்தார்கள். சாவு வீட்டில் உங்கள் பக்கத்து முறையே அதுதான், புறங்கையால்தான் வைக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், பாதிப் பேர் கை உங்கள் தலையில் படவே இல்லை என்பதுதான். எண்ணெய் பெஞ்சில் சொட்டியது. இப்போதுகூடவா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரோ, "ஸ்டெல்லா, நீயும் வைம்மா, கூடவே இருந்தவ" என்று கிண்ணத்தை நீட்டினார்கள்.

நான் எப்போதும் செய்கிற மாதிரியே செய்தேன். உள்ளங்கையில் ஊற்றி, இரண்டு கையையும் தேய்த்துச் சூடு பண்ணி, உங்கள் உச்சியில் வைத்து அழுத்தினேன். பிறகு நெற்றி. பிறகு கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்து, பின்கழுத்து முழுக்கத் தடவினேன். உங்கள் பெரியம்மா முறை ஆகும் ஒருவர் என் தோளைத் தொட்டார். "ஏம்மா, அப்படி வைக்கக் கூடாது. புறங்கையாலதான் வைக்கணும். உள்ளங்கையால வைக்கிறது நல்ல காரியத்துக்கு."

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எண்ணெய்க் கையோடு நின்றேன். எனக்கு அடுத்து சுகன்யா நின்றுகொண்டிருந்தாள். முறைப்படி புறங்கையைத் திருப்பித் தயாராக வைத்திருந்தாள். என் கையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். பிறகு கையைத் திருப்பி உள்ளங்கையை நீட்டி, "எனக்கும் ஊத்துங்க சித்தி. எங்க வைக்கணும்?" என்றாள்.

பெரியம்மா ஏதோ சொல்ல வந்தார். அண்ணன் தூரத்திலிருந்தே, "விடுங்க, அவ வைக்கட்டும்" என்றார். நான் அவள் கையைப் பிடித்து உங்கள் பின்கழுத்துக்கு அடியில் வைத்தேன். முதலில் விரல்கள் கூசின. அது நீங்கள் பயந்த கூச்சமா, சாவின் குளிரா, எனக்குத் தெரியவில்லை. பிறகு விரல்கள் விரிந்தன. தடவினாள். மறுபடி தடவினாள். அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இம்புட்டு மெத்துன்னா இருக்கும் சித்தி? நான் சொரசொரன்னு இருக்கும்னுல்ல நெனச்சிருந்தேன்."

நான் உங்கள் முடியை ஒதுக்கிவிட்டேன். அவள் விடவில்லை.

"எப்பவுமே இப்படித்தான் இருந்துச்சா?"

அக்கா, அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. ஊதா எண்ணெய், கற்றாழைச் சோறு, எத்தனையோ மதியங்கள், நீங்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னது. ஆமாம், உன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இப்படித்தான், நீ ஒரே ஒரு தடவை தொட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உங்களுக்காக அவளைக் குத்த வேண்டும் என்ற ஆசைகூட எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அவள் முகத்தைப் பார்த்தேன். காய்ச்சலோடு நாற்காலியில் சாய்க்கப்பட்ட அதே பிள்ளை.

"இல்ல தாயி. முன்னாடி சொரசொரப்பாத்தான் இருக்கும். இந்த வெயிலுக்குத்தான் இப்படி ஆச்சு. ரெண்டு வாரமாத்தான்" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். அந்த முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்து இறங்கியது. கையை எடுக்கவில்லை. குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் குடத்தோடு திரும்பி வந்து, நகரும்மா என்று சொல்லும்வரை உங்கள் கழுத்துக்கு அடியிலேயே வைத்திருந்தாள்.

இதுதான் பாக்கி. நம் இரண்டு பேரின் அத்தனை வருஷ உழைப்பையும் ஒரே வார்த்தையில் இல்லை என்று சொல்லிவிட்டேன், அதுவும் உங்கள் தலைமாட்டில் நின்றுகொண்டு. சுகன்யா இப்போதும் ஊருக்கு வந்தால் முதலில் கடைக்குத்தான் வருகிறாள். உங்களைப் பற்றிக் கேட்கிறாள். எல்லாம் சொல்கிறேன், செடியை நீங்கள் திட்டியதுகூட. அதை மட்டும் திருத்திச் சொல்லவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். வாடிக்கையாளரிடம் நாளைக்குத் தருகிறேன் என்று புளுகியது முதல் மாமியாரை மனசுக்குள் திட்டியது வரை சாமியாரிடம் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பொய்யை இதுவரை சொன்னதில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு மனசு வரவில்லை, அக்கா. உங்கள் மகள் உங்களைத் தொட்டுவிட்டாள்.